விதைநெல் பரலுக்குள் கிடந்த கடதாசி

அத்தியாயம் 11

இந்தக் காலத்து மனிசருக்கு எல்லாவற்றுக்கும் திகதி வேணும். கலியாணத்துக்குத் திகதி, சரி. வீடு குடிபோகத் திகதி, அதுவும் சரி. பிள்ளை பிறக்கிறதுக்குமா? விமான டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "டொக்டர், பதினேழாம் திகதிக்கு முதல் ஒரு நாளப் பாருங்க" என்று கேட்கிற ஆண்பிள்ளையை அபூசாலி தன் எழுபத்திரண்டு வயதில் இப்போதுதான் காண்கிறார்.

"மழையைப் பார்த்து விதைச்ச சாதி. இப்ப டிக்கட்டப் பார்த்துப் புள்ள பெறுது" என்று அவர் பள்ளிவாசல் வாசலில் வைத்துச் சொன்னபோது நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கச் சொல்லவில்லை.

டிக்கட்டுக்காரன் வேறு யாருமில்லை. மருமகன் பஸால். கத்தாரில் ஏசி பூட்டுகிற வேலை. நாற்பது நாள் லீவில் நிந்தவூருக்கு வந்து நிற்கிறான். மகள் றஸ்னாவுக்கு முப்பத்தேழாவது கிழமை.

அவளுடைய மூத்தவள் ஷாஹினா வெட்டி எடுத்த பிள்ளை. நாலரை வருஷத்துக்கு முன்னர், கொரோனாவுக்கு ஊரைப் பூட்டியிருந்த நேரம், ஏழு மாசத்திலேயே கால் முன்னுக்கு வந்து, அம்புலன்ஸில் தூரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி, இரவோடு இரவாக வகுற்றைக் கிழித்து எடுத்தார்கள். இந்த முறை நோமலாகப் பெற வேணும் என்பது றஸ்னாவின் ஒரே பிடிவாதம். பஸாலுக்கு ஒப்பரேஷன்தான் வேணும், அதுவும் தான் பிளேன் ஏறுமுன்னர்.

போன கிழமை கல்முனை கிளினிக்கில் பெரிய டொக்டர் இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னார். "முதல் தரம் கர்ப்பப்பையை எப்படி வெட்டினாங்க எண்டு எனக்குத் தெரிய வேணும். கீழ்ப்பக்கம் குறுக்கு வெட்டெண்டா நோமலுக்கு முயற்சி செய்து பார்க்கலாம். அந்த ஆஸ்பத்திரி தந்த அட்டையக் கொண்டு வாங்க. அட்டை இல்லாட்டி நான் நோமலுக்கு விடமாட்டன்."

அட்டையைக் கிளினிக்கில் கேட்பது அது முதல் தடவை இல்லை. ஆறு மாசமாகக் கேட்கிறார்கள். ஆறு மாசமாக அபூசாலி, "தேடுறன் மகள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் தேடவில்லை. அது எங்கே கிடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கடதாசியைக் காட்டினால் டொக்டர் கடதாசியைப் பார்த்து வெட்டுவான், காட்டாவிட்டால் ஆளைப் பார்த்து வைத்தியம் செய்வான். இது அவருடைய கணக்கு. படித்தவர்கள் இதைப் பிழை என்பார்கள். படித்தவர்கள் சொன்ன எதை நம்பி அவர் நல்லாயிருந்தார்?

இன்றைக்குப் பின்னேரம் இரண்டு மணிக்குக் கிளினிக்.

காலையில் அவர் பின் வளவிலிருந்து வந்தபோது, பஸால் குசினி வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். அது அபூசாலி கட்டிய வீடு. றஸ்னாவின் கலியாணத்தன்று அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவரும் பெண்சாதி சல்மா உம்மாவும் பின்னாலிருக்கிற இரண்டு அறைக்கு மாறிவிட்டார்கள். ஊர் வழக்கம் அது. பெண்பிள்ளைக்கு வீடு, மருமகன் அந்த வீட்டுக்கு. கல்லும் சீமெந்தும் சுமந்த மனிசன் வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்கிற நாள் வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"மாமா, ஒங்கட தேடுற வேலையெல்லாம் கிடக்கட்டும்" என்றான் பஸால். "அட்டை இல்லயெண்டு செல்லிப்போட்டு, டொக்டர்ட்ட ஒரு நாளக் கேட்டு முடிப்பம். என்னத்துக்கு இந்தக் குழப்பம்?"

"எனக்கொரு குழப்பமும் இல்ல மருமகன். குழப்பம் ஒங்கட டிக்கட்டுக்குத்தான்."

"நான் டிக்கட்டுக்காகவா கதைக்கன்?"

"பின்ன? பதினேழு எண்டு செல்லக்கொள்ள ஒங்கட வாய் எவ்வளவு இனிப்பா இரிக்கி!"

றஸ்னா வகுற்றைப் பிடித்தபடி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் என்ட வகுத்தப் பத்தித்தானே கதைக்கிறீங்க? நானும் இஞ்சதான் நிக்கன்."

அபூசாலி வாசற்படியிலிருந்து ஓர் அடி பின்னுக்குப் போனார்.

"போன தரம் நான் மயங்கிக் கிடந்தன்" என்றாள் அவள். "கண்ண முழிச்சா வகுறு வெறும் வகுறு. புள்ள எங்க எண்டா கண்ணாடிப் பெட்டிக்குள்ளயாம். தூக்கப் பதினொரு நாளாச்சு. ஒரு நேர்ஸ் போன்ல போட்டோ காட்டினா. அதுதான் நான் பெத்த புள்ளயெண்டு நம்பச் சென்னாங்க, நம்பினன். இந்தத் தரம் எனக்குத் தெரிஞ்சு பெற வேணும். புள்ள கத்துறத நான்தான் முதல்ல கேக்க வேணும். இதில ஒங்க ரெண்டு பேருக்கும் விளங்காத என்ன இரிக்கி?"

பஸால் கோப்பைக்குள் பார்த்தான்.

"வாப்பா. உம்மாவாணக் கேக்கன். அந்த அட்டை எங்க?"

"தேடு..."

"செல்லுங்களன்!" பின்னாலிருந்து சல்மா உம்மாவின் குரல் வந்தது. "நீங்க செல்லாட்டி நான் செல்லுவன்."

நாற்பத்தைந்து வருஷம் ஒன்றாக இருந்தால் பெண்சாதி இப்படித்தான் காட்டிக் கொடுப்பாள்.

"வரிப்பத்தான்சேனையில கிடக்கு" என்றார் அபூசாலி.

சுனாமியில் கடல் வந்த வருஷம் அவருடைய பழைய வீட்டையும் கொண்டு போய், இரும்புப் பெட்டியையும் கொண்டு போனது. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்று, காவின் என்கிற கலியாணப் பதிவு, எல்லாம் அந்தப் பெட்டிக்குள். அதன் பிறகு, தான் அபூசாலிதான் என்று நிரூபிக்க அவர் இரண்டு வருஷம் கந்தோர் கந்தோராக அலைந்தார். கிராம சேவகர் சிறுவயதிலிருந்து தெரிந்த ஆள், அவரே, "ஆள் நீங்கதான். ஆனா கடதாசி இல்லயே காக்கா" என்றார். அன்று முடிவெடுத்தார். இனி இந்த வீட்டு எழுத்து ஒன்றும் கடல் சத்தம் கேட்கிற இடத்தில் கிடக்கக்கூடாது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற முத்திரை பதித்த எந்தக் கடதாசியும் ஒரு கிழமைக்குள் கடல் எட்டாத உள்ளூருக்குப் போய்விடும். வரிப்பத்தான்சேனையில் மச்சான் சீனிமுகம்மதுவின் வீட்டில், விதைநெல் போடுகிற நீலப் பிளாஸ்டிக் பரலுக்குள், நெல்லுக்கு மேலே.

றஸ்னாவுக்குக் கோபம் வரவில்லை. முகம் வெளித்தது. அதைக் கண்டு அவருக்கே அதிசயமாயிருந்தது.

"கிடக்கா? அப்ப காணாமப் போகல்லயா? வாப்பா, அது குறுக்கு வெட்டுத்தான். எனக்குத் தெரியும். தழும்பு குறுக்கத்தானே கிடக்கு! அதக் கொண்டு வந்தாப் போதும். டொக்டர் வாயால சென்னவர்தானே?"

அப்படிப் பார்த்தால் சரிதான். அபூசாலியின் மனதில் ஒரு வாசல் திறந்தது. ஆறு மாசமாக எதைக் கண்டு பயந்து ஒளித்தாரோ, அதே கடதாசி தன் பக்கம் சாட்சி சொல்லப் போகிறது.

"நான் பைக்கில போய் எடுத்துட்டு வாறன்" என்று எழும்பினான் பஸால்.

"என்ட கடதாசிய நான் எடுப்பன்" என்று செருப்பைப் போட்டார் கிழவர்.

இரண்டு பஸ் மாறி, ஓர் ஓட்டோவும் பிடித்து, வரிப்பத்தான்சேனைக்குப் போகப் பத்தரை மணி. வேளாண்மை பழுத்துச் சாய்ந்து கிடந்தது. சீனிமுகம்மது வெட்டு மெஷினுக்குக் காத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வா மச்சான். வெட்டுக்கு ஆள் தேடக்கொள்ள வராத நீ, மெஷின் வாற நாளையில வந்து நிக்கிறாய்."

"நான் வெட்ட வரல்ல. வெட்டாம இருக்க வழி தேடி வந்த."

விஷயத்தைக் கேட்டதும் சீனிமுகம்மது பரலை அறைக்குள்ளிருந்து இழுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் காய்ந்த நெல்லும் வேப்பிலையும் சேர்ந்த மணம் எழும்பியது. பொலித்தீனில் சுற்றி ரப்பர் போட்ட கட்டு. உறுதி, சான்றிதழ்கள், றஸ்னாவின் ஓ.எல். பெறுபேறு, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மஞ்சள் அட்டை. ஒரு மூலை கூட மடியவில்லை.

முழுக்க இங்கிலீஷ். கோழி கிண்டின மண் மாதிரி எழுத்து. அடியில் ஒரு வரிக்குக் கீழே இரண்டு கோடு.

"என்ன மச்சான் எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார் சீனிமுகம்மது.

"ஆருக்குத் தெரியும்? வெட்டினன், தைச்சன். வேறென்ன எழுதுவான்?"

"நாலு வருசமா எலி வாய் வைக்காமக் காத்து வச்சிரிக்கன். நீ ஒருக்காலும் ஒராளுக்கிட்டக் குடுத்து வாசிப்பிக்கல்லயா?"

"என்னத்துக்கு வாசிக்க? சாமான் பத்திரமாக் கிடந்தாச் சரிதானே?"

"உறுதியெண்டாச் சரி. அது பத்திரமாக் கிடந்தாத்தான் காணி. இது..." சீனிமுகம்மது கட்டை மறுபடி சுற்றினார். "எனக்குத் தெரியாது மச்சான். நம்மட முக்குச் சந்தியில ஒரு வாத்தியார் இரிக்கார். காட்டிப் பார்ப்பமா?"

"ஊருக்கெல்லாம் என்ட மகள்ற வகுத்த வாசிச்சுக் காட்டவா? வேணாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அட்டையைச் சட்டைக்குள், வெற்றுடம்போடு ஒட்டி வைத்திருந்தார். மகள் வீட்டுக்கு வந்த அன்று அந்த ஆஸ்பத்திரிக் கேற்றில் நின்றது ஞாபகம் வந்தது. உள்ளே யாரையும் விடவில்லை. முகத்தை மூடிய ஒரு நேர்ஸ் கம்பிக்கு இடையால் இதை நீட்டி என்னவோ நீளமாகச் சொன்னாள். முகமூடிக்குள் பாதிச் சொல் அமுங்கிப் போனது. கடைசியில் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. "கவனமா வையுங்க." அவர் கவனமாக வைத்தார். சொன்னதைச் செய்தவரை யார் குறை சொல்வது?

கல்முனையில் இறங்க ஒன்றே முக்கால். கிளினிக்கில் இருக்கப் போட்ட வாங்குகள் நிறைய வகுறுகள். தூரத்தில் றஸ்னாவும் பஸாலும் இருந்தார்கள். அவரைக் கண்டு றஸ்னா கையை உயர்த்தினாள். அவர் முதலில் மேசைக்குப் போனார். அங்கே தக்சாயினி மிஸ்ஸி. றஸ்னாவின் வகுறு வெளியில் தெரிய முந்தியே அவளைத் தெரிந்த மருத்துவ மாது.

"வந்திட்டு மிஸ்ஸி" என்று அட்டையை வெற்றிக் கொடி மாதிரி மேசையில் வைத்தார். "வாசியுங்க. குறுக்கு வெட்டு. எழுதுங்க அங்க, நோமல் எண்டு."

"ஆறு மாசத்துக்குப் பிறகு கிடைச்சதா காக்கா? நான் நினைச்சன் அத மீன் திண்டுட்டு எண்டு."

சிரித்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினாள். நடுவில் சிரிப்பு நின்றது. அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம். விரலை அந்த இரட்டைக் கோட்டில் வைத்தபடியே கேட்டாள்.

"இது எங்க கிடந்த?"

"பத்திரமாக் கிடந்த."

"நாலு வருசமும்?"

"ஓம். என்ன?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "காக்கா, வெளித்தோல்ல வெட்டுறது வேற. உள்ளுக்க கர்ப்பப்பையில வெட்டுறது வேற. வெளிய குறுக்க இருக்கிறதால உள்ளயும் குறுக்கயெண்டு நினைக்க ஏலாது. இவவுக்கு உள்ளுக்க நெட்டுக்கு வெட்டியிருக்கு. மேல இருந்து கீழ. ஏழு மாசப் பிள்ளை, கால் முன்னுக்கு, கர்ப்பப்பையின்ர கீழ்ப்பக்கம் விரியாத நேரம். அவங்களுக்கு வேற வழி இருந்திருக்காது."

"சரி. வெட்டினது முடிஞ்ச கதை. இப்ப?"

"இந்தக் கோடு போட்ட இடத்தில எழுதியிருக்கு. அடுத்த பிள்ளைக்கு நோவு வர விடக்கூடாது. நோவு வரமுந்தி ஒப்பரேஷன் செய்ய வேணும். நோவெடுத்தா அந்தத் தையல் கிழியலாம். கிழிஞ்சா..." அவள் றஸ்னா இருந்த பக்கம் பார்த்தாள். "இண்டைக்கே வோட்டில படுக்க வைப்பாங்க. நோமல் எண்ட கதை இனி இல்ல."

பின்னால் வாங்கிலிருந்து றஸ்னா எழும்பி வருவது தெரிந்தது. வகுற்றின் பாரத்தோடு, அவசரமாக, முகம் முழுக்க ஆசையோடு.

அபூசாலி கையை நீட்டினார்.

"அதத் தாங்க மிஸ்ஸி."

"என்னத்துக்கு?"

"தாங்க. கிடைக்கல்லயெண்டு செல்லுவம். அட்டை இல்லாட்டியும் வெட்டத்தானே போறாங்க? அட்டை இல்லாததால வெட்டினாங்க எண்டு இருக்கட்டும். அவள் டொக்டர ஏசுவாள். ஏசிட்டுப் போகட்டும்."

தக்சாயினி அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பார். அவர் எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது, அதுதான் தாங்கவில்லை.

"அட்டை இல்லாட்டி டொக்டர் நாளத் தள்ளிப் போடுவார். அதுக்குள்ள நோவு வந்தா?" அவள் அட்டையைத் தன் பதிவுக் கொப்பிக்கு அடியில் வைத்து, மேலே கையையும் வைத்தாள். "இது ஒங்கட கடதாசி இல்ல காக்கா. றஸ்னாட கடதாசி."

"என்ன மிஸ்ஸி செல்றாங்க வாப்பா?" என்று வந்து நின்றாள் மகள்.

டொக்டரின் அறையில் நாலு பேருக்கு இடமில்லை. அபூசாலி கதவோடு நின்றார். டொக்டர் அட்டையை வாசித்தார், ஸ்கேனைப் பார்த்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"வகுறு இறுகுதா?"

றஸ்னா சற்று யோசித்தாள். "நேத்து ராவு ரெண்டு மூணு தரம். நான் ஒருத்தருக்கும் செல்லல்ல. நோவு தொடங்கினா நல்லம்தானே எண்டு நினைச்சன்."

பஸால் அவளைத் திரும்பிப் பார்த்தான். டொக்டர் பேனையை வைத்தார்.

"தங்கச்சி, குறுக்கு வெட்டெண்டா, ஒரு தரம் வெட்டின இருநூறு பேரில ஒராளுக்குத்தான் கிழியும். அதனாலதான் முயற்சி செய்யலாமெண்டு சென்ன. நெட்டு வெட்டெண்டா, நூறு பேரில அஞ்சாறு பேருக்குக் கிழியும். சில வேளை கூடவும். கிழிஞ்சா பிள்ளையையும் உங்களையும் காப்பாத்த எங்களுக்குக் கிடைக்கிறது நிமிஷக் கணக்கு. நான் இதுக்குப் பொறுப்பெடுக்க மாட்டன். நாளைக்குக் காலம்பற முதல் ஆளா எடுப்பன்."

"அப்ப மிச்சம் தொண்ணூத்தி நாலு பேருக்கும்?" என்றார் அபூசாலி, கதவிலிருந்தே.

"அவங்களுக்கு ஒண்டும் ஆகாது."

"அப்ப அதுதானே கூட?"

"கூடத்தான் ஐயா. அந்த ஆறு பேரில உங்கட மகள் இல்லயெண்டு உங்களுக்கு ஆரு சென்ன?"

"வயல் வரம்பு உடைச்சா, கட்டின இடம்தான் டொக்டர் பிறகு பலமா நிக்கும். நான் கட்டியிரிக்கன்."

"மண்ணுக்குச் சரி. தசைக்கு அப்படியில்ல."

டொக்டர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். பஸால் பேனையைத் தேடிச் சட்டைப்பையில் கை விட்டான். டொக்டர் தலையாட்டினார். "ஒப்பம் வைக்க வேண்டியது அவங்க. நீங்க இல்ல. மாமாவும் இல்ல."

றஸ்னா படிவத்தைப் பார்க்கவில்லை. திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

"ஆறு மாசமாக் கேட்டன் வாப்பா."

அட்டைக்காகத் திறந்த சட்டைப் பொத்தானை அவர் பூட்டினார்.

"முதல் மாசமே தந்திருந்தா நான் ஆசையே வச்சிரிக்க மாட்டன். சரி, வெட்டுத்தானெண்டு மனச ஆத்தியிரிப்பன். ஆறு மாசமா முத்தத்துல நடந்தன். குந்தி எழும்பினன். ஒங்கட பேத்திக்கிட்ட, தம்பி வரக்கொள்ள உம்மா முழிச்சிருந்து பார்ப்பன் எண்டு செல்லி வச்சிரிக்கன்." அவளுடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நல்லது. "நேத்து ராவு நோவு கூடியிருந்தா? வீட்டிலயே பெத்துப் பார்ப்பம் எண்டு நான் படுத்துக் கிடந்திருப்பன் வாப்பா. அந்த அட்டை நெல்லுக்கு மேல கிடந்திரிக்கும்."

"நான் பத்திரமாத்தானே..."

"ஓம். பத்திரமாத்தான்."

அபூசாலிக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. மருமகனின் முகம் அகப்பட்டது. அந்த முகத்தில் ஒரு நிம்மதி, அவன் மறைக்கப் பார்த்தும் மறையாமல், எண்ணெய் மாதிரி மிதந்தது.

"மருமகனுக்கு நாள் சரிவந்திட்டு" என்றார். "டிக்கட்டு மாத்தத் தேவயில்ல."

"மாமா!" பஸால் எழும்பிவிட்டான். "முதல் புள்ளைக்கு நான் எங்க இருந்தன் தெரியுமா? பிளேன் இல்ல. பதினாறு பேர் கிடக்கிற அறையில போனப் பிடிச்சிக்கிட்டு இருந்தன். நீங்க போனத் தூக்கல்ல. சல்மா மாமி தூக்கி அழுதா. என்ன எண்டு செல்லல்ல. அழுதா. லைன் கட்டாயிட்டு. மறுபடி எடுக்க நாலு மணித்தியாலம். அவள் மவுத்தெண்டு நினைச்சிக்கிட்டு நாலு மணித்தியாலம் இருந்தன். அதுக்குத்தான் கேட்டன் ஒரு திகதி. பக்கத்துல நிக்கத்தான்."

அபூசாலிக்கு அது இதுவரை தெரியாது. தெரிந்த பிறகும் அவனைப் பிடிக்கவில்லை. ஒருவன் பயந்தான் என்பதற்காக அவன் சொன்னதெல்லாம் சரியாகிவிடுமா?

"எனக்குக் கொஞ்ச நேரம் தாங்க டொக்டர்" என்றாள் றஸ்னா.

"வோட்டில படுத்திருந்து யோசியுங்க. கனநேரம் வேணாம். இறுக்கம் கூடினா உடனே மிஸ்ஸியக் கூப்பிடுங்க."

வோட்டில் ஜன்னலோரக் கட்டில். வகுற்றில் பட்டி கட்டி, பிள்ளையின் நெஞ்சடிப்பைக் கேட்கிற மெஷினைப் பூட்டியிருந்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். படிவம் அவளுடைய முழங்காலில், பேனை அதன் மேல். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் அது அப்படியே கிடந்தது.

நடையில் பஸால் வந்து அவருக்கு முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது.

"மாமா, தக்சாயினி மிஸ்ஸியும் போய்க் கதைச்சா. இந்தத் தரம் முழு மயக்கம் குடுக்க மாட்டாங்களாம், கீழ்ப்பக்கம் மட்டும் விறைக்கப் பண்ணுவாங்களாம், புள்ள கத்துறத அவளுக்குக் கேக்குமாம். அதுக்கும் ஒண்டும் செல்றாளில்ல. நான் செல்லிக் கேக்க மாட்டாள், நான் டிக்கட்டுக்காரன். சின்னதில இருந்து அவள் ஒங்கட வாயத்தான் பார்த்து வளந்தவள். ஒரு சொல்லுத்தானே? வைக்கச் செல்லுங்க மாமா. அல்லாஹ்வுக்காக."

மருமகன் தன்னிடம் ஒன்று கேட்பது இதுதான் முதல் தரம். வேறொரு நாளென்றால் அபூசாலி அதைக் கொஞ்சம் சுவைத்திருப்பார்.

உள்ளே போனார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"வாப்பா, நீங்களே செல்லுங்க" என்றாள் றஸ்னா, அவர் வாய் திறக்க முந்தி. "ஷாஹினாவுக்கு ஊசி போடக்கொள்ள நீங்க வேணாமெண்டீங்க. உம்மாட கண் ஒப்பரேஷனுக்கு வேணாமெண்டீங்க. எல்லாத்துக்கும் ஒங்களுக்கிட்ட ஒரு சொல்லு இரிக்கி. இப்ப செல்லுங்க. வெட்டவா? வேணாமா?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தரம் அந்தச் சத்தம் மெதுவாகிற மாதிரி இருந்தது. பிறகு பழையபடி. மெதுவானது மெய்யா, தன் காதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒப்பத்த வை" என்றார்.

"நம்பித்தான் செல்றீங்களா?"

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேணும். பிள்ளைகளுக்கு எத்தனை பொய் சொல்லியிருக்கிறார். கடல் இனி வராது என்று இந்தப் பிள்ளைக்கே எத்தனை இரவு சொல்லியிருக்கிறார். இந்த ஓம் மட்டும் வரவில்லை.

"இல்ல" என்றார்.

"பிறகு என்னத்துக்கு வைக்கச் செல்றீங்க?"

"பயத்துல."

றஸ்னா சிரித்தாள். அவர் கேட்டிராத ஒரு சிரிப்பு.

"பயம் எனக்கிட்டயும் இரிக்கி வாப்பா. நான் கேட்டது அதயில்ல." பேனையை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க. நீங்க நிக்கக்கொள்ள எனக்கு ஏலாது. போங்க வாப்பா."

அவர் போனார். வைத்தாளா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நடையில் பஸால், "வச்சாளா மாமா?" என்று கேட்டான். அவனைத் தாண்டி நடந்தார். படியில் இறங்கும்போது தக்சாயினி மிஸ்ஸி வோட்டுப் பக்கம் விரைந்து போனாள். எந்தக் கட்டிலுக்கு என்று அவர் கேட்கவில்லை.

கேற்றுக்கு வெளியே கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அபூசாலி ரோட்டோரமாகத் தெற்கே நடந்தார். ஒரு இரவில், ஒரு அறைக்குள், முகத்தை மூடின யாரோ ஒருவன் தன் மகளின் உள்ளுக்குள் பார்த்தானாம். பார்த்ததை எழுதினானாம். எழுதினதற்குக் கீழே கோடும் போட்டானாம். அவனுடைய பேர் தெரியாது, ஊர் தெரியாது, நல்லவனா, அன்றைக்கு நித்திரைக் கண்ணோடு நின்றவனா, அதுவும் தெரியாது. அவனுடைய ஒரு வரியை டொக்டர் நம்புகிறான், மிஸ்ஸி நம்புகிறாள், மருமகன் நம்புகிறான். இனி மகளும் நம்ப வேணுமாம்.

அக்கரைப்பற்று பஸ் வந்து பக்கத்தில் நின்றது. கொண்டக்டர், "நிந்தவூரா வாப்பா? ஏறுங்க" என்றான்.

அபூசாலி அவனையும் நம்பாத மாதிரி ஒரு தரம் பார்த்துவிட்டு, நடந்தே போனார்.